இருமலைவிட இளைப்பைக் கவனியுங்கள்: எச்.ஐ.வி. உள்ளவரும் நிமோனியாவும்

எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்து சில வாரங்களோ சில மாதங்களோ ஆனவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டையும் வாங்கிக்கொள்ளும் மாவட்டம் இது. ஆண்டில் பாதி நாள் வீட்டில் யாராவது இருமிக்கொண்டிருப்பார். "மழைச்சளிதான், சுக்குக் காப்பி குடித்தால் போய்விடும்" என்பார்கள். பெரும்பாலோருக்குப் போயும் விடும். எச்.ஐ.வி. உள்ளவர், அதிலும் மருந்து இன்னும் தொடங்காதவர் அல்லது இப்போதுதான் தொடங்கியவர், அந்தப் பேச்சை நம்பி இரண்டு வாரத்தைக் கடத்திவிடக் கூடாது.

அதற்காக நடுங்க வேண்டியதும் இல்லை. எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையை நாள் தவறாமல் உட்கொண்டு, உடலின் எதிர்ப்புச் சக்தி மீண்டுவிட்டவருக்கு நிமோனியா ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது. தமக்கு எச்.ஐ.வி. இருப்பதே தெரியாதவர்கள், தாமதமாகத் தெரிந்துகொண்டவர்கள், மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள்தாம் அதிக ஆபத்தில் இருக்கிறார்கள். 1981 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த ஓர் அபூர்வ நிமோனியாவைப் பற்றிய சிறு குறிப்புதான் எய்ட்ஸ் குறித்து உலகம் படித்த முதல் மருத்துவ அறிக்கை. இன்றும் நம் ஊர்களில், நிமோனியாவுக்காகக் கட்டிலில் படுத்த பிறகு எச்.ஐ.வி. தெரியவருபவர்கள் இருக்கிறார்கள்.

முதல் படி: உங்கள் சி.டி.4 எண்ணைத் தெரிந்துவைத்திருங்கள்

நம்பிக்கை மையத்தில், அதாவது அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில், எச்.ஐ.வி. உறுதியானதும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவார்கள். இந்த மாவட்டத்தில் அது நாகர்கோவிலை அடுத்த ஆசாரிபள்ளத்தில், கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கிறது. பதிவும் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அங்கே தொடக்கத்திலேயே எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் ஒன்று சி.டி.4. எதிர்ப்புச் சக்திக்குத் தலைமை தாங்கும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை அது. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கு ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இருக்கும்.

முடிவு வந்ததும் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, தேதியோடு எழுதிவையுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு "எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். 350-க்குக் கீழே இருந்தால் கோட்ரைமாக்சசோல் என்ற நிமோனியாத் தடுப்பு மாத்திரை தொடங்கப்பட வேண்டும். 200-க்குக் கீழே இருந்தால் நோய் முற்றிய நிலை என்று கணக்கிட்டு, காசநோய் உட்படச் சில நோய்களுக்கு உங்களைக் கூடுதலாகச் சோதிப்பார்கள். நிமோனியா சந்தேகத்தோடு எந்த மருத்துவரிடம் போனாலும் அவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இந்த எண்தான். அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாம் படி: வருவது எது என்று பிரித்துப் பாருங்கள்

நிமோனியா என்று ஒரே பெயரில் சொன்னாலும், எச்.ஐ.வி. உள்ளவரின் நுரையீரலில் முக்கியமாக மூன்று பேர் புகுந்து விளையாடுவார்கள். எது என்று முடிவு செய்வது மருத்துவர் வேலை. ஆனால் எப்போது தொடங்கியது, எப்படி வளர்ந்தது என்பதை உங்களால் மட்டுமே சொல்ல முடியும். அந்தக் கதையை ஒழுங்காகச் சொல்லிவிட்டால் பாதி நோயறிதல் முடிந்த மாதிரி.

பாக்டீரியா நிமோனியா திடுதிப்பென்று வரும். நேற்றுவரை நன்றாக இருந்தவருக்கு இன்று குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறும். மஞ்சளாகவோ துரு நிறத்திலோ சளி வரும். மூச்சை ஆழ இழுத்தால் விலாவில் குத்தும். எந்த நாளில் தொடங்கியது என்று நோயாளியால் விரல் வைத்துச் சொல்ல முடியும். இதற்கு சி.டி.4 குறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. 600 இருப்பவருக்கும் வரலாம். குறையக் குறைய வாய்ப்பு கூடும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னும் கூடும். ஒரே ஆண்டில் இரண்டு முறை வந்தால் ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்; எச்.ஐ.வி. முற்றியதற்கான அடையாளங்களில் அதுவும் ஒன்று.

இரண்டாவது, ஏ.ஆர்.டி. மையத்தில் பி.சி.பி. என்று சொல்லக் கேட்பீர்கள். நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை செய்யும் வேலை. லாஸ் ஏஞ்சலிஸ் இளைஞர்களுக்கு வந்தது இதுதான். பெரும்பாலும் சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே போனவரையே பிடிக்கும். இது ஓசையில்லாமல் வரும் நோய். நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் மெல்ல ஏறும். வறட்டு இருமல், விட்டு விட்டுக் காய்ச்சல், பிறகு நடந்தால் இளைப்பு. சளி அதிகம் வராது. உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால் நெஞ்சு சுத்தமாக இருக்கலாம்; தொடக்கத்தில் எக்ஸ்ரே படம்கூட நன்றாகவே தெரியலாம். "ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டு, ஒரு வாரம் கழித்து ஆக்சிஜனோடு படுப்பது பி.சி.பி.யில் புதிதல்ல.

மூன்றாவது காசநோய். நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் எடுப்பது இதுதான். சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் வரும். பொதுவாக இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை என்று சுவரொட்டிகளில் படித்திருப்பீர்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்கு அந்தக் கணக்கு கிடையாது. இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை ஆகிய நான்கில் ஒன்று, எத்தனை நாளாக இருந்தாலும் சரி, பரிசோதனை செய்ய வேண்டும். ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் இந்த நான்கையும் கேட்பார்கள். வரிசை நகர வேண்டும் என்ற அவசரத்தில் "இல்லை, இல்லை, இல்லை" என்று அடுக்கிவிடாமல் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

இவற்றில் இரண்டு ஒன்றாகச் சேர்ந்தும் வரும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

மூன்றாம் படி: மூச்சை அளந்து பாருங்கள்

இருமலை எல்லோரும் கவனிக்கிறார்கள். இளைப்பைக் கவனிப்பதில்லை. காரணம், உடம்பு தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும். இளைக்கிறது என்று தெரிந்ததும் நாம் வேகத்தைக் குறைத்துவிடுகிறோம். வேகம் குறைந்ததும் இளைப்பு மறைந்துவிடுகிறது. பிறகு யாராவது கேட்டால் "மூச்சு நன்றாகத்தான் இருக்கிறது" என்கிறோம்.

ஆகவே, உங்கள் அன்றாட வேலையையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வடிப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால் ஒரே மூச்சில் 300 மரத்தில் பால் வெட்டி முடிப்பவர். சென்ற மாதம் வரை மரத்துக்கு மரம் நடந்துகொண்டே சிரட்டையைத் துடைத்து வைத்தவர், இந்த வாரம் மேட்டில் பத்து மரத்துக்கு ஒரு தடவை கத்தியைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறார். வீட்டுக்கு வந்து "வெயில் கொஞ்சம் அதிகம்" என்கிறார். விடியுமுன் ஏது வெயில்? இதைத்தான் வீட்டார் பிடிக்க வேண்டும். தலைச்சுமையாக மீன் விற்கும் பெண் வழக்கமாகச் சுமையை இறக்கும் இடத்துக்கு முன்பே இறக்குகிறாரா? கோவில் படியிலோ மாதா கோவில் படியிலோ நடுவில் நின்று ஊரைப் பார்க்கத் தொடங்கிவிட்டாரா? ஒரு வாக்கியத்தைப் பேசி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்குகிறாரா? இவையெல்லாம் அளவுகள்.

இன்னும் துல்லியமாகப் பார்க்க வேண்டுமானால், கொரோனா காலத்தில் பல வீடுகள் வாங்கிப்போட்ட விரல்கருவி, அதாவது பல்ஸ் ஆக்சிமீட்டர், இப்போது பயன்படும். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள். விரல் குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். முதலில் ஐந்து நிமிடம் அமர்ந்த பிறகு பாருங்கள். பிறகு முற்றத்தில் ஒரு நிமிடம் நன்றாக நடந்துவிட்டு, விரலை எடுக்காமல் மறுபடி பாருங்கள். இருக்கையில் 97 காட்டியது நடந்ததும் 90-க்கு இறங்குகிறது என்றால், ஸ்டெதஸ்கோப்பில் ஒன்றும் கேட்கவில்லை, படம் நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். பி.சி.பி. தன்னைக் காட்டிக்கொடுக்கும் இடம் இதுதான். அமர்ந்திருக்கும்போதே இளைப்பவரை இந்தச் சோதனைக்காக நடக்கவைக்க வேண்டாம்; அவர் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்.

கருவி இல்லையென்றால் கடிகாரம் போதும். அவர் அறியாதபடி ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை நெஞ்சு ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். பெரியவருக்கு 12 முதல் 20 வரை வழக்கம்.

நான்காம் படி: எப்போது, எங்கே போவது

மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல், நாடி 120 அல்லது அதற்கு மேல், காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸ், அதாவது ஏறத்தாழ 102 ஃபாரன்ஹீட், அல்லது அதற்கு மேல், பிறர் உதவியின்றி நடக்க முடியாத நிலை. இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் அவசர நிலைதான். உதடோ நகமோ நீலம் பூப்பது, பேச்சுக் குழறுவது, ஆளை மறப்பது, அமர்ந்திருக்கும்போதே ஆக்சிஜன் 94-க்குக் கீழே போவது ஆகியவையும் அப்படியே. 108-ஐ அழையுங்கள். ஆட்டோ பிடித்துப் போகலாம் என்று நினைக்காதீர்கள். 108 வண்டியில் ஆக்சிஜன் இருக்கிறது.

அவ்வளவு மோசமில்லை, ஆனால் மூன்று நான்கு நாளாக இருமலும் காய்ச்சலும் விடவில்லை என்றால் ஏ.ஆர்.டி. மையத்துக்கே போவது நல்லது. உங்கள் கோப்பும் எண்ணும் அங்கே இருக்கின்றன. அடுத்த மாத்திரைத் தேதி வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. உடம்பு சரியில்லாதபோது எந்த வேலைநாளிலும் போகலாம். மேற்குப் பக்கத்துக்காரர்களுக்கு ஆசாரிபள்ளம் தொலைவு என்றால் தக்கலையிலோ குழித்துறையிலோ குளச்சலிலோ உள்ள அரசு மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். அங்கிருந்து சீட்டு எழுதி அனுப்புவார்கள்.

போகக் கூடாத இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பெற்ற மாவட்டம் நம்முடையது. ஆனாலும் கடைக்காரரிடம் "இருமலுக்கு நல்லதாக ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கும் பழக்கத்தைப் படிப்பு மாற்றிவிடவில்லை. லீவோஃப்ளாக்சசின் போன்ற மருந்து காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். நான்கு நாள் நன்றாக இருக்கும். பிறகு சளிப் பரிசோதனையில் கிருமி அகப்படாமல் போய், நோய் கண்டுபிடிக்கச் சில வாரங்கள் தள்ளிப்போகும். அசித்ரோமைசின் பி.சி.பி.யை ஒன்றும் செய்யாது. இன்னொன்று, "ஒரே ஊசியில் காய்ச்சல் இறங்கியது, பசியும் எடுத்தது" என்று புகழப்படும் ஊசி. அதில் ஸ்டீராய்டு இருந்தால் காய்ச்சல் அடங்கும், கிருமி அடங்காது. என்ன ஊசி என்று பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

நெஞ்சு குத்துகிறது என்றதும் "வர்மம் கொண்டிருக்கும்" என்று தடவிக்கொள்ளப் போகிறவர்கள் நம் பக்கம் அதிகம். அடிபட்ட சுளுக்குக்கு ஆசானிடம் போவது வேறு. பி.சி.பி.யில் சில நேரம் நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று வெளியே கசிந்து நெஞ்சுக்கூட்டில் தேங்கிவிடும். திடீரென்று ஒரு பக்கம் மட்டும் குத்தி, மூச்சும் முட்டினால் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்காதீர்கள். எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்குப் போங்கள்.

ஐந்தாம் படி: முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்பது எனக்குத் தெரியும். குமரி மாவட்டத்தில் தெருவுக்கு இரண்டு நர்ஸ் இருப்பார்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் சித்தி மகளோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ சீருடையில் எதிரே வந்து "அண்ணா, என்ன இங்கே?" என்று கேட்டுவிடுவாள் என்ற பயம் வீண் பயமல்ல. அதற்காகச் சிலர் எச்.ஐ.வி.யை மறைத்து, வெறும் இருமல் என்று சொல்லி மருந்து வாங்கிக்கொண்டு வருகிறார்கள். எச்.ஐ.வி. தெரியாத மருத்துவர் பி.சி.பி.யை நினைத்தே பார்க்க மாட்டார். நினைக்க அவருக்குக் காரணமும் இல்லை.

வாயால் சொல்லத் தயக்கம் என்றால் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புறநோயாளிப் பிரிவில் நான்கு பேர் சுற்றி நிற்கும்போது அதை மருத்துவரின் மேசையில் அவர் பக்கம் திருப்பி வைத்தால் போதும் (டி.எல்.டி. என்பது இப்போது பெரும்பாலோருக்குத் தரும் ஏ.ஆர்.டி. மாத்திரை):

"எனக்கு எச்.ஐ.வி. உள்ளது. டி.எல்.டி. மாத்திரை இந்தத் தேதி முதல் உட்கொள்கிறேன். கடைசி சி.டி.4 இவ்வளவு, எடுத்த தேதி இது. கோட்ரைமாக்சசோல் உட்கொள்கிறேன் / உட்கொள்ளவில்லை. காசநோய்த் தடுப்பு மருந்து முடித்துவிட்டேன் / முடிக்கவில்லை. இந்த மருந்து எனக்கு ஒவ்வாது. இருமல் தொடங்கி இத்தனை நாள், இளைப்பு தொடங்கி இத்தனை நாள்."

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்களுக்குச் சிகிச்சை தருவோர் அதற்குத் தேவையான அளவில் தமக்குள்ளே பகிர்ந்துகொள்ளலாம். உங்கள் சம்மதமில்லாமல் ஊராரிடமோ உறவினரிடமோ சொல்லக் கூடாது. எச்.ஐ.வி. என்பதற்காகச் சிகிச்சை மறுக்கவும் கூடாது. 20 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் மருத்துவ நிறுவனங்களில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. கட்டிலின் தலைமாட்டில் உங்கள் நோயைப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டினால், அகற்றச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. யாரிடம் கேட்பது என்று புரியாவிட்டால் 1097 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எச்.ஐ.வி.க்கான தேசிய உதவி எண் அது. கட்டணமில்லை, பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை.

ஆறாம் படி: பரிசோதனைகளுக்கு ஒத்துழையுங்கள்

எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் அவர்கள் பாடு. சளி மாதிரி மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு, "காசநோய் இல்லை" என்று வந்த முடிவை நம்புவதில் பயனில்லை. காலையில் வாயை வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். காற்றோட்டமான திறந்த இடத்தில், ஆட்கள் இல்லாத பக்கமாக நில்லுங்கள். இரண்டு மூன்று முறை ஆழ மூச்சிழுத்து அடக்கி விட்டு, அடிநெஞ்சிலிருந்து இருமி வரவழைத்த சளியை ஒரு தேக்கரண்டி அளவுக்குக் கொடுங்கள். சி.பி.நாட் அல்லது ட்ரூநாட் கருவியில் போட்டுக் காசநோய்க் கிருமி இருக்கிறதா, முக்கிய மருந்துக்கு அடங்குமா என்று சில மணி நேரத்தில் சொல்லிவிடலாம். அரசு மருத்துவமனையில் இதற்குப் பணமில்லை. சி.டி.4 மிகக் குறைந்தவர்களுக்குச் சளியில் அகப்படாத காசநோய் சிறுநீரில் அகப்படும், எல்.ஏ.எம். பரிசோதனை என்பது அது.

பி.சி.பி.யை உறுதிசெய்வது கடினம். சளியே வராத நோய் என்பதால் உப்புநீர் ஆவி கொடுத்து வரவழைக்க வேண்டும், அல்லது நுரையீரலுக்குள் குழாய் விட்டுக் கழுவி எடுக்க வேண்டும். இளைத்துக்கொண்டிருப்பவரிடம் அதைச் செய்வது எப்போதும் இயலாது. ஆகவே சி.டி.4, இளைப்பு, ஆக்சிஜன் அளவு, படம் ஆகியவற்றை வைத்தே மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள். "உறுதியாகத் தெரியாமலே மருந்து கொடுக்கிறார்கள்" என்று சண்டைக்குப் போகாதீர்கள். அப்படிச் செய்வதுதான் முறை.

ஏழாம் படி: வார்டில் இருக்கும் நாட்கள்

மருத்துவமனைக்குக் கிளம்பும்போதே உங்கள் ஏ.ஆர்.டி. மாத்திரைப் புட்டியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பொது வார்டில் அது உடனே கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். நிமோனியா வந்துவிட்டது என்பதற்காக ஏ.ஆர்.டி. மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. இதுவரை தொடங்காதவருக்கு, நிமோனியா சிகிச்சை தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் தொடங்குவது வழக்கம். எந்த நாளில் என்பதை மருத்துவர் குறிப்பார்.

பாக்டீரியா நிமோனியா என்றால் ஒரு வாரம் பத்து நாளில் வீடு திரும்பலாம். காசநோய் என்றால் குறைந்தது ஆறு மாத மருந்து. பி.சி.பி.க்கு 21 நாள். அதற்குத் தருவது கோட்ரைமாக்சசோல். தடுப்புக்கு நாளுக்கு ஒன்று என்று கொடுக்கும் அதே பெரிய மாத்திரையை இப்போது உடல் எடைக்கேற்ப நாளுக்கு ஆறு, சில நேரம் அதற்கும் மேல் கொடுப்பார்கள், அல்லது ஊசியாக ஏற்றுவார்கள். குமட்டும். வாந்தி வந்தால் சொல்லுங்கள். மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளிக்காதீர்கள். ஆக்சிஜன் குறைவாக இருந்தால் கூடவே ஸ்டீராய்டும் தருவார்கள். மேலே நான் வேண்டாம் என்றது, நோய் இன்னதென்று தெரியாமல் போடும் ஸ்டீராய்டு. இது கணக்குப் பார்த்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் ஸ்டீராய்டு. உயிரைக் காப்பது.

இந்த இடத்தில் குடும்பத்தினரிடம் ஒன்று சொல்ல வேண்டும். பி.சி.பி. சிகிச்சை தொடங்கிய முதல் மூன்று முதல் ஐந்து நாட்களில் நோயாளி மோசமாவது போலத் தெரியலாம். ஆக்சிஜன் தேவை கூடலாம். நல்ல மாற்றம் தெரிய ஒரு வாரம்கூட ஆகும். சரியாக இந்த நேரத்தில்தான் வெளியூரிலிருந்து வந்த மாமா ஒருவர் "இங்கே வைத்துப் பார்த்தால் சரிப்படாது, திருவனந்தபுரம் கொண்டு போகலாம்" என்பார். ஆக்சிஜனை நம்பி இருக்கும் ஒருவரைக் களியக்காவிளை நெரிசல் வழியாகக் கொண்டு போவது சின்ன விஷயமல்ல. முதலில் சிகிச்சை தரும் மருத்துவரிடம் "இது எதிர்பார்த்த ஏற்றமா, மருந்து வேலை செய்யாததால் வந்த ஏற்றமா?" என்று நேராகக் கேளுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்று அவரே சொன்னால், பரிந்துரைக் கடிதம், படங்கள், இதுவரை கொடுத்த மருந்துப் பட்டியல் மூன்றையும் கையில் வாங்கிக்கொண்டு, ஆக்சிஜன் உள்ள வண்டியில் கிளம்புங்கள். கடிதமில்லாமல் போனால் அங்கே எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

இரண்டாம் வாரத்தில் தோலில் தடிப்பு வருகிறதா என்று பாருங்கள். கோட்ரைமாக்சசோல் சிலருக்கு ஒவ்வாது. வெறும் அரிப்பு என்றால் மருத்துவர் சமாளிப்பார். வாய் புண்ணாவது, கண் சிவப்பது, தோல் கொப்பளிப்பது எல்லாம் ஆபத்தின் அறிகுறி. அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே காட்டுங்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன.

எட்டாம் படி: வீடு திரும்பிய பிறகு

பி.சி.பி. குணமானாலும் நாளுக்கு ஒரு கோட்ரைமாக்சசோல் தொடர வேண்டும். ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு சி.டி.4 பரிசோதனைகளிலும் எண்ணிக்கை 350-க்கு மேல் வந்த பிறகுதான் நிறுத்துவதைப் பற்றி ஏ.ஆர்.டி. மருத்துவர் யோசிப்பார். உடம்பு தேறிவிட்டது, முகம் தெளிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் நோய் திரும்ப வரும்.

ஏ.ஆர்.டி. தொடங்கிய சில வாரங்களில், இருமலோ காய்ச்சலோ மறுபடி கிளம்பலாம். தூங்கிக்கொண்டிருந்த எதிர்ப்புச் சக்தி விழித்து, மிச்சமிருக்கும் கிருமியோடு சண்டை போடுவதால் வருவது. "இந்த மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுவது எல்லோருக்கும் தோன்றும் முடிவு; தவறான முடிவு. மையத்துக்குப் போங்கள்.

காசநோய் மருந்தும் சேர்ந்திருந்தால் ஒரு கணக்கு இருக்கிறது. காசநோய் மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின், டி.எல்.டி.யில் உள்ள டோலுடெக்ராவிரை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். அதனால் காலையில் டி.எல்.டி. ஒன்று என்றால், 12 மணி நேரம் கழித்து 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் தனியாக ஒன்று உட்கொள்ள வேண்டும். அந்த இரண்டாவது மாத்திரை தரப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிட், இரும்புச்சத்து, கால்சியம் ஆகியவற்றையும் டோலுடெக்ராவிரோடு கண்டபடி சேர்த்துப் போடக் கூடாது, இடைவெளியைக் கேட்டுக்கொள்ளுங்கள். காசநோய் என்று பதிவானவருக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 அக்டோபர் வரை 500-ஆக இருந்தது. வங்கி விவரம் கொடுக்க மறந்துவிடாதீர்கள்.

ஒன்பதாம் படி: வராமலே பார்த்துக்கொள்ள

ஏ.ஆர்.டி., தேவைப்பட்டால் கோட்ரைமாக்சசோல், அதோடு காசநோய் இல்லை என்று உறுதியான பிறகு காசநோய்த் தடுப்பு மருந்து. இந்த மூன்றும் இலவசம். தடுப்பு மருந்தாக ஐசோனியாசிட் மாத்திரையை பி6 வைட்டமினோடு ஆறு மாதம் தருவார்கள்; வாரம் ஒரு முறை என 12 வாரத்தில் முடியும் முறையும் உண்டு. பாக்டீரியா நிமோனியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி அரசுத் திட்டத்தில் குழந்தைகளுக்குத்தான். பெரியவர்கள் வெளியில் பணம் கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும்; விலையும் கூடுதல். வசதி இருந்தால் ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். கையில் பணம் குறைவு என்றால் தடுப்பூசியைவிட முதலில் பீடியை விடுங்கள், அது செலவில்லாதது. விறகடுப்பும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடும் நுரையீரலுக்கு நல்லதல்ல. தேறும் வரையாவது புகை பக்கம் வேலையை வேறொருவர் பார்க்கட்டும்.

ஆழ்கடலுக்குப் போகும் தூத்தூர், வள்ளவிளை பக்கத்து மீனவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கொச்சியிலிருந்து படகேறினால் கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேலாகும். மையத்தில் தொழிலைச் சொல்லிக் கூடுதல் நாட்களுக்கு மாத்திரை வாங்குங்கள். வெளியூரில் தீர்ந்துபோனால் உங்கள் ஏ.ஆர்.டி. புத்தகத்தைக் காட்டி அங்குள்ள ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்கலாம். உப்புக் காற்று புகாத டப்பாவில் இரண்டாகப் பிரித்து வையுங்கள், ஒன்று நனைந்தாலும் மற்றது மிஞ்சும். துறைமுகத்தில் பனிக்கட்டிப் பெட்டி தூக்கும்போதே இளைத்தால் அந்தப் பயணத்தைத் தவிருங்கள். நடுக்கடலில் ஆக்சிஜன் கிடையாது. மீறி அங்கே முற்றிவிட்டால் கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554.

எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு ஆறாவது வாரத்திலேயே கோட்ரைமாக்சசோல் சொட்டு தொடங்க வேண்டும். குழந்தைக்குத் தொற்று இல்லை என்று உறுதியாகும் வரை அது தொடரும். மூன்று முதல் ஆறு மாத வயதில்தான் பி.சி.பி. குழந்தைகளை அதிகம் தாக்குகிறது. முடிவு வரட்டும் என்று காத்திருக்க அங்கே நேரமில்லை.

வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவரை பி.சி.பி. ஒன்றும் செய்யாது, தட்டையும் டம்ளரையும் தனியாக வைப்பதில் பொருளில்லை. காசநோய் என்றால் கதை வேறு. வீட்டில் உள்ள எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள் முதலில். கணவன் மனைவி இருவருக்கும் எச்.ஐ.வி. இருந்து ஒருவருக்கு பி.சி.பி. வந்திருந்தால், மற்றவர் சி.டி.4 எண்ணிக்கை தெரியும் வரை வேறு அறையில் படுப்பது நல்லது. அவருடைய கடைசிப் பரிசோதனை எப்போது, தடுப்பு மாத்திரை ஓடுகிறதா என்று ஆசாரிபள்ளத்தில் வார்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் நாளிலேயே ஏ.ஆர்.டி. மையத்துக்கும் ஒரு நடை போய்க் கேட்டுக்கொள்ளலாம். இரண்டும் ஒரே வளாகம்தான். அதற்கென்று இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டியதில்லை.